கிரீஸ் என்ற பூனையும் டிரைலர் அண்ணனும்

பக்கத்தில் யாராவது அழுதால் அவரால் சோறு சாப்பிட முடியாது. பேச்சுக்காகச் சொல்லவில்லை, பிள்ளைகளே. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், எந்த வீட்டில் குழந்தை அழுகிறதோ அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். "இன்னாத்துக்குமா கொயந்த அழுவுது?" என்று அவர் கேட்கும் குரலிலேயே பாதிக் குழந்தைகள் பயந்து வாயை மூடிக்கொள்ளும். அவ்வளவு பெரிய உடம்பு. அவ்வளவு பெரிய மீசை. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்தால், அழுத குழந்தையைவிட அவர்தான் பயந்து போயிருக்கிறார் என்று தெரியும்.

காலடிப்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் மேலே நாங்கள், கீழே அவரும் அவர் மனைவியும். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகிற டிரைலர் லாரி ஓட்டினார். அதனால் தெருவுக்கே அவர் டிரைலர் அண்ணன். வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னைத் தம்பி என்பார், என் மனைவியைத் தங்கச்சி என்பார். அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம்.

"இந்த மன்சனுக்கு கண்ணு நல்லா கீது, கையி காலு நல்லா கீது, காதுதான் பேஜாரு" என்பார் அண்ணி.

என் மகளுக்குக் காது குத்தினோம். என் மைத்துனன் வெளிநாட்டில் இருந்ததால், தாய்மாமன் இடத்தில் டிரைலர் அண்ணனை உட்கார வைத்தோம். புது வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்து ராஜா மாதிரி உட்கார்ந்தார். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான். அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"போதும். ஒரு காது போதும்."

"யோவ்! தாய்மாமன்னா கெட்டியா புட்ச்சிக்கணும்யா. தூக்கிக்கினு ஓடக் கூடாது" என்று ஆசாரி ஊசியும் கையுமாகக் கத்தினார்.

"அண்ணா, ஒத்தக் கம்மலோட கொழந்தய எப்படி வெளில கூட்டிட்டுப் போறது?" என்று என் மனைவி கெஞ்சினாள்.

"யாருனா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார். சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். என் மகள் ரொம்ப நாள் ஒரு காதில் மட்டும் கம்மலோடு திரிந்தாள். பிறகு என் மாமியார் வீட்டுக்குப் போனபோது, அவருக்குத் தெரியாமல் இன்னொரு காதைக் குத்தினோம். இப்போது நினைத்தாலும் எங்களுக்குச் சிரிப்பு வரும். அன்று அவருடைய அந்தக் குணத்தைச் சிரிக்கிற விஷயமாக மட்டும்தான் நாங்கள் பார்த்தோம்.

அவருக்குப் பூனை கிடைத்ததும் காதால்தான். துறைமுக வாசலுக்குள் போக, எண்ணூர் விரைவுச் சாலையில் டிரைலர்கள் வரிசையாக நிற்கும். சில சமயம் நாள் முழுக்க நிற்கும். வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்பதால் டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, அங்கேயே தூங்குவார்கள். ஒரு நாள் வரிசை நகரும் நேரத்தில் வண்டிக்கு அடியில் மெல்லிய அழுகை கேட்டிருக்கிறது. அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. தார் ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்து, அவருடைய குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். சக்கர அச்சுக்கு மேலே ஒடுங்கிக் கிடந்த குட்டியைத் துண்டில் சுருட்டி எடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

வெள்ளைக் குட்டி. ஆனால் உடம்பெல்லாம் கறுப்பாகக் கிரீஸ். அண்ணி தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டு, பொறுமையாகத் துடைத்து எடுத்தார். பெண் குட்டி. கிரீஸ் என்றே பெயர் வைத்தார்கள். லாரி வரும் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அது வாசலுக்கு ஓடும்.

ஆறேழு மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் அண்ணி பதறிக்கொண்டு மாடிக்கு வந்தார். "பூனைக்கு இன்னாவோ ஆயிட்ச்சி, வந்து பாரேன்." கீழே போய்ப் பார்த்தோம். கிரீஸ் தரையில் உருண்டது. கட்டில் காலில் முகத்தைத் தேய்த்தது. முன்னங்கால்களைத் தாழ்த்தி, இடுப்பைத் தூக்கி, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, பின்னங்கால்களால் தரையை மிதித்தது. கூடவே நீளமாக ஒரு குரல். ஒரு குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் எப்படி அழுமோ அப்படி.

அண்ணன் வந்ததும், "வவுத்து வலிடி, ஓம வாட்டர் குடு" என்றார். கொடுத்தார்கள். நிற்கவில்லை. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் அம்மா கிரீஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்கு வலி ஒண்ணும் இல்லைங்க. பருவத்துக்கு வந்திருக்கு. ஆண் பூனையக் கூப்பிடுது."

"எத்தினி நாளிக்கு இப்டி கூப்புடும்?"

"ஒரு வாரம்கூட கூப்பிடும். அப்புறம் நிக்கும். சேர விடலேன்னா ரெண்டு மூணு வாரத்துல திரும்ப ஆரம்பிக்கும். கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க. அதுவரைக்கும் கதவச் சாத்தி உள்ளயே வைங்க."

"வவுத்த கீறுவீங்களா?"

"சின்னதாத்தான். மயக்கம் கொடுத்துப் பண்ணுவோம்."

"முய்ச்சிக்கினா அழுவுமா?"

"ரெண்டு நாள் சுணங்கிக் கிடக்கும்" என்றார் டாக்டர் அம்மா. அண்ணன் பூனையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "நல்ல பொம்பளதான். ஆனா கத்தி புடிக்கிற கையி தம்பி" என்றார் வழியில்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் மகள் கேட்டபோது நானும் முதலில் தடுமாறினேன். பெண் பூனை பருவத்துக்கு வந்ததும் அப்படிக் குரல் கொடுக்கும். அது பாட்டும் இல்லை, பேயும் இல்லை. அந்தக் குரலும் உடம்பின் வாசனையும் தூரத்துக்குப் போகும். ஆண் பூனைகள் தேடி வரும். ஒன்றோடு ஒன்று சண்டை போட்டுக் காதைக் கிழித்துக்கொள்ளும். சுவரிலும் படியிலும் மூத்திரம் பீச்சும். இணை சேரும்போது ஆண், பெண்ணின் பிடரியைக் கவ்விப் பிடிக்கும். விலகும்போது பெண் பூனைக்கு வலிக்கும். வீறிட்டுக் கத்தித் திரும்பி அறையும். ஆனாலும் மறுபடி கூப்பிடும். அதன் உடம்பு கூப்பிட வைக்கிறது. அதற்கு வேறு வழி தெரியாது. அந்தக் குரலைக் கேட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் கல் எறிவதும் ரொம்பத் தப்பு.

கிரீஸ் நாள் முழுக்க அழுதது. கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போக அண்ணனுக்கு மனம் வரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பூனையைத் தூக்கி லாரி கேபினில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று எனக்கு விடுமுறை. அண்ணி கொடுத்த சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு வரிசையில் அவரைத் தேடிப் போனேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. எந்த வண்டியைச் சுற்றிக் கூட்டமோ, அதுதான் அவர் வண்டி. பக்கத்தில் கருவாடு காய வைக்கிற இடம். அங்கே சுற்றுகிற கடுவன் பூனைகள் எல்லாம் வந்துவிட்டன. ஒன்று பானெட்டில், ஒன்று படிக்கட்டில், இரண்டு டயர் மேலே. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் கிரீஸ் கத்தியது.

"இன்னா மாமே, வண்டில பொண்ணு கீதா? மாப்ள வூட்டுக்காரங்க வந்து குந்திக்கினுகீறாங்க!" என்றார் ஒரு டிரைவர்.

"ஒருத்தனுக்குக் காது இல்ல, ஒருத்தனுக்குக் கண்ணு இல்ல. எந்த சம்மந்தம் வோணும் சொல்லு நைனா, பேசி முட்சிடலாம்" என்றார் இன்னொருவர்.

"ஆர்பர் லைன வுட இந்த லைன் ஜல்தியா நவுருதுடா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு கேபின் கதவைத் திறந்துவிட்டார்.

"போம்மா. சொம்மா அழுதுக்கினே இருந்தா நான் இன்னா பண்ணுவேன்? போ."

கிரீஸ் குதித்துக் கருவாட்டுக் குவியல் பக்கம் ஓடியது. வரிசை நகர்ந்தபோது அண்ணன் மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரம் கட்டிக் காத்திருந்தார். மறுநாள் அது திரும்பி வந்தது. பிடரியில் பல் பட்ட காயம்.

முதல் ஈற்றில் வந்த குட்டிகளைத் தெருவே வந்து பார்த்தது. அண்ணன் ஒவ்வொரு குட்டிக்கும் வீடு தேடினார். டீக்கடைக்கு ஒன்று, வலை வைக்கிற கொட்டகைக்கு ஒன்று. அந்தக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே கிரீஸ் மறுபடி கூப்பிட ஆரம்பித்தது. பால் கொடுக்கும்போது பூனை சினையாகாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆகும். அண்ணனால் கதவைச் சாத்தி வைக்க முடியவில்லை. அடுத்த ஈற்று. அதற்கடுத்த ஈற்று. கேட்கிற வீடெல்லாம் தீர்ந்துபோனது. மீன் வாங்கும் இடத்தில், "அண்ணே, மீனு வோணா சும்மா தரேன், குட்டி மட்டும் குடுக்காத" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் மீன்காரி.

சில குட்டிகள் நோயில் போயின. சில, தெருவை விட்டுப் பெரிய ரோட்டுக்குப் போயின. அந்த ரோட்டில் ஓடுவதெல்லாம் லாரிகள். அங்கே கிடக்கும் குட்டியை அண்ணன் தன் தோள் துண்டில் எடுத்துப் போய்க் கடலோரம், கருங்கல் கொட்டியிருக்கும் இடத்துக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிப் புதைப்பார். துண்டைத் திரும்பக் கொண்டுவர மாட்டார். "எந்த லாரின்னு தெரில தம்பி. என்னுதாக்கூட இருக்கும்" என்றார் ஒருமுறை.

கிரீஸ் இளைத்துப்போனது. முதுகெலும்பு கையில் தட்டுப்படும். மீனைப் போட்டாலும் குட்டிகள் தின்ற மிச்சத்தைத்தான் அது தின்னும்.

என் மனைவிதான் ஒரு நாள் கேட்டுவிட்டாள். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பாவம் பாத்துப் பாத்தே அத நீங்க கொல்றீங்க." அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் கிரீஸின் முதுகைத் தடவிக்கொண்டே, "ஆபரேசன் பண்ணிடலாம்" என்றார்.

நாள் குறித்தாயிற்று. முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் கிளினிக்கில் பூனையைக் கையில் வாங்கிக்கொண்டே, "ஒண்ணும் கொடுக்கலையே?" என்றார்.

அண்ணனுக்குப் பொய் வராது. "பாலு. அப்பால ரெண்டு மத்தி மீனு" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "தட்டாண்ட வந்து அழுதுது டாக்டரு."

"வயித்துல சாப்பாடு இருந்தா மயக்கத்துல வாந்தி எடுக்கும். அது மூச்சுக் குழாய்க்குள்ள போனா செத்துடும். இன்னிக்குப் பண்ண முடியாது, இன்னொரு நாள் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்.

இன்னொரு நாளும் குறித்தோம். அதற்குள் கிரீஸ் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை அண்ணி உறுதியாக இருந்தார். பூனையைக் குளியலறையில் விட்டு, மண் போட்ட தட்டும் தண்ணீரும் வைத்து, கதவை வெளியே தாழ் போட்டுவிட்டார். அண்ணன் லாரியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தபோது அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். குளியலறைக்குள்ளிருந்து அந்தக் குரல். கதவைப் பிறாண்டும் சத்தம். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணி குடத்தோடு திரும்பி வந்தபோது குளியலறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. கிரீஸ் இல்லை.

"இன்னாயா பண்ணிவச்ச?" என்று அண்ணி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"கய்தய அட்சி போட்ட மாதிரி கத்துதுடி. எப்டி வுட முடியும்?"

மறுபடி சினை. அது எலும்பும் தோலுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, இந்தப் பிரசவம் நல்லபடியாக முடிந்து குட்டிகள் பால் மறக்கட்டும், உடனே ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றார் டாக்டர் அம்மா. அண்ணனும் தலையாட்டினார். இந்தத் தடவை மனசாரத்தான் ஆட்டினார் என்று எனக்குத் தெரியும்.

மழைக்காலம். துறைமுக வரிசையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கே வராமல் இருந்த அண்ணன், ஒரு நாள் காலை களைத்துப்போய் வந்தார். கிரீஸ் வாசலுக்கு ஓடி வரவில்லை. மாடிப்படிக்கு அடியில், பழைய டயருக்குள் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. அண்ணன் எட்டிப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"தூங்குதுபா" என்றார் எங்களிடம், சந்தோஷமாக. மாடிப்படியில் ஓடி விளையாடிய என் மகளிடம், "சத்தம் போடாத கண்ணு, பூனை தூங்குது" என்று வாயில் விரல் வைத்துச் சொன்னார். பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

சாயங்காலம் என் மனைவி கீழே இறங்கியபோது டயரைச் சுற்றி ஒரு கெட்ட வாடை. குனிந்து பார்த்தாள். கிரீஸின் பின்பக்கம் பச்சையும் கறுப்புமாக ஒழுகியிருந்தது. வயிறு கல் மாதிரி இருந்தது. அண்ணன் அதைத் துண்டில் ஏந்தி ஆட்டோவில் ஏறினார். குட்டி குறுக்கே மாட்டி உள்ளேயே இறந்து, முந்தின நாளிலிருந்தே அப்படிக் கிடந்திருக்கிறது. டாக்டர் அம்மா வயிற்றைத் திறந்து எவ்வளவோ பார்த்தார். கிரீஸின் உடம்பில் தாங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இறந்துவிட்டது.

"அவ அழுவவே இல்லியே டாக்டரு" என்றார் அண்ணன். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "நான் வூட்லதான் இருந்தேன். ஒரு சத்தம் போடலியே. போட்டிருந்தா எனக்குக் கேட்டுருக்குமே."

"பூனைங்க வலிய வெளில காட்டிக்காதுங்க. ரொம்ப வலிச்சா ஒரு மூலைக்குப் போய்ச் சத்தமில்லாம உட்கார்ந்துக்கும்" என்றார் டாக்டர் அம்மா.

அண்ணன் தன் இரண்டு கைகளையும் காதில் வைத்துக்கொண்டு கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்தார். அங்கே அப்போது எதுவும் அழவில்லை.

முந்தைய ஈற்றில் பிறந்த பெண் குட்டி ஒன்று வீட்டில் மிச்சமிருந்தது. டீசல் என்று அதற்குப் பெயர். நாலைந்து மாதக் குட்டி. இன்னும் குரல் கொடுக்க ஆரம்பிக்கவில்லை. "முதல் தடவ கூப்பிடுறதுக்கு முன்னாடியே பண்ணிடலாம். ஒரு தடவையாவது குட்டி போடணும்னு எல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று டாக்டர் அம்மா சொன்னதைக் கேட்டு, அண்ணனே போய் நாள் வாங்கி வந்தார்.

முதல் நாள் இரவு டீசலின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவர் அவர்தான். காலையில் மூடிபோட்ட கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். தெருமுனை திரும்புவதற்குள் டீசல் கத்த ஆரம்பித்தது. பசி, பயம் எல்லாம் சேர்ந்து, தொண்டை கிழிகிற மாதிரி. மூடி இடுக்கில் காலை விட்டு அவர் வேட்டியைப் பிறாண்டியது. அண்ணனின் பெரிய கைகள் இரண்டும் மூடியின் மேல் இருந்தன. மீசையெல்லாம் கண்ணீர்.

ஆட்டோக்காரருக்குத் தாங்கவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாவம்பா, இன்னாமா கத்துது. கொஞ்சம் தொறந்து வெளில வுடு அண்ணே, மூச்சு வாங்கிக்கட்டும்" என்றார்.

"நீ ரோட்ட பாத்து ஓட்டு" என்றார் அண்ணன்.

டீசல் இன்னும் உரக்கக் கத்தியது. அவர் குனிந்து மூடியில் காதை வைத்துக்கொண்டார். கிளினிக் வரும் வரைக்கும் அந்தக் காதை எடுக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டீசல் இரண்டு நாள் சுணங்கிக் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் மீன் தின்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பூனையும் அப்படிக் கூப்பிடவில்லை. கடுவன்கள் வருவதும் நின்றது. டீசல் கொழுத்து, பளபளவென்று, பகலெல்லாம் வீட்டில் விரித்திருந்த பழைய லாரி சீட்டுத் துணிமேல் சுருண்டு தூங்கும்.

அண்ணன் மட்டும் வேறு ஆளாகிவிட்டார். தெருவில் குழந்தைகள் அழுதால் இப்போதெல்லாம் சோற்றை விட்டு எழுந்து ஓடுவதில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் கீழே போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் ஏதோ குழந்தை அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை. திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, சீட்டுத் துணிமேல் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்த டீசலிடம் போய்க் குனிந்தார். அதன் வயிற்றில் கையை வைத்து, அது ஏறி இறங்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"சத்தமே காணோமேன்னு பாத்தேன் தம்பி" என்றார்.